காலிக் குழியும் ஊதாவாச்சு

எங்க அக்கா பத்தொன்பது வருஷம் தொப்புள்கொடி பொறுக்கினவ. இதைச் சொன்னா கேக்கறவங்க முகத்தைச் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். 'பொறுக்கினவ'ன்னு நான் சொன்னா அவளுக்கும் பொசுக்குன்னு கோவம் வரும். "சேகரிக்கிறதுன்னு சொல்லுடி" என்பா. பெரிய சேகரிப்பு! பிரசவ வார்டு வாசல் பெஞ்சுல, மடியில ஒரு ஐஸ்பெட்டியை வெச்சுக்கிட்டு, எவளுக்கு எப்போ வலி எடுக்கும்னு காத்துக் கிடக்கிறது. குழந்தை பொறந்ததும் மத்தவங்க எல்லாம் ஆணா பொண்ணான்னு கேப்பாங்க. இவ ஒருத்திதான், "கொடி ஒரு ஜாணாவது தேறுமா? நசுக்காம வெட்டினீங்களா?"ன்னு கேப்பா. வார்டு ஆயாங்க இவளுக்கு 'கொடிக்காரம்மா'ன்னே பேர் வெச்சுட்டாங்க.

அவ வேலை பாத்தது ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல. பெரிய படிப்பெல்லாம் கிடையாது, டெக்னீஷியன். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். எப்படியும் தூக்கிப் போடப்போற கொடியை, பெத்தவகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு எடுத்துட்டு வருவா. அதுக்குள்ள ஓடற ரத்தக்குழாயை உப்புத்தண்ணி விட்டுக் கழுவி, ஒரு மருந்தை ஊத்தி, ரெண்டு முனையையும் இறுக்கி, கால் மணி நேரம் கதகதப்பா வெச்சிருந்து திரும்பக் கழுவினா, குழாயோட உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கற செல்லெல்லாம் பேந்து வந்துடுமாம். அதைத் தட்டையான ஒரு பாட்டில்ல விட்டு வளப்பா. உடம்புச் சூட்டுல ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள பாட்டில், பாட்டிலுக்குள்ள ரோஸ் கலர் தண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அந்தத் தண்ணியை மாத்தணும். ஞாயித்துக்கிழமை கிடையாது, நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. என் கல்யாணத்தன்னிக்கே பாதியில எழுந்து போய்த் தண்ணி மாத்திட்டு வந்தா. "ஏன், உன் பிள்ளைங்க அழுவுதாக்கும்?"னு கேட்டேன். "அழுதாக் கூடப் பரவால்லடி, செத்துடும்"னா.

அவ கல்யாணம் பண்ணிக்கல. நேரமில்லன்னு சிரிப்பா. அந்தச் செல்லுங்களை அஞ்சாறு தடவை பிரிச்சு பிரிச்சு வளத்தா கிழடு தட்டிடும், அப்புறம் புதுக் கொடிக்கு அலையணும். அப்படியே அலைஞ்சு அலைஞ்சு அவளுக்கும் தலை நரைச்சுது. எங்க வீட்டு மாடி ரூம்ல அவ, கீழ நானும் எங்க வீட்டுக்காரரும். நான் தெருமுனையில லாண்டரி வெச்சிருக்கேன். பஸ் டிப்போ யூனிஃபார்ம் முழுக்க என் கடைக்குத்தான் வரும், ஏன்னா அவர் அந்த டிப்போவுல டிரைவர்.

அவருக்கு அக்கான்னா அவ்வளவு மரியாதை. அண்ணி அண்ணின்னு உருகுவாரு. அவர் ஓட்டற பஸ்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சிக்கூடம் வழியாப் போகும். அக்கா ஐஸ்பெட்டியோட ஸ்டாப்புல நின்னா ரெண்டு நிமிஷம் கூடுதலா நிறுத்துவாரு. கண்டக்டருக்கு விசில் ஊதி ஊதி வாய் வலிச்சுப் போகும். "என்னய்யா, உங்க அண்ணி பெட்டியில தங்கமா வெச்சிருக்காங்க?"னு ஒருநாள் கேட்டாராம். "தங்கத்துக்கும் மேலய்யா, உசுரு"ன்னு இவர் பதில். அக்காவுக்கு அன்னைக்கு முழுக்கப் பெருமை தாங்கல.

இப்போ அவரோட வியாதிக்கு வரேன். டிப்போவுல வருஷத்துக்கு ஒருக்கா உடம்பு பாப்பாங்க. அதுல பிரஷர் எக்கச்சக்கமா இருக்குன்னு கண்டுபிடிச்சு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. நல்ல மாத்திரைதான். ஆனா அது உடம்புல இருக்கற தண்ணியை இறக்கும், அரை மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு முட்டும். டிரைவர் எங்க போவாரு? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒண்ணேகால் மணி நேரம். ஒருநாள் தாங்க முடியாம, நிறைஞ்ச பஸ்ஸை அப்படியே நிறுத்திட்டு பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி ஓடியிருக்காரு. திரும்பி வந்தா பஸ் முழுக்கக் கைதட்டு. எவனோ ஒருத்தன் போன்ல படம் வேற பிடிச்சுட்டான். வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாப்பிடல மனுஷன். "ஐம்பது வயசுல கைதட்டு வாங்கிட்டேன் பாத்தியா"ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது.

அந்தச் சமயத்துலதான் அக்காவோட புரொபசர் புதுசா ஒண்ணைப் பிடிச்சாரு. கறுப்பு திராட்சைத் தோல்ல இருக்கற ஊதாச் சாயம். செடிங்க தங்களைக் காப்பாத்திக்கறதுக்காகச் செஞ்சுக்கற நிறமாம் அது. நம்ம ரத்தக்குழாய்க்குள்ள, சட்டைக்கு உள்பக்கம் தைக்கற அஸ்தர் துணி மாதிரி ஒரு வரிசை செல்லு இருக்கு. பிரஷர், சர்க்கரை, வயசு எல்லாம் சேந்து அந்த அஸ்தரைத்தான் முதல்ல கிழிக்குது. இந்த ஊதா போய் அந்தக் கிழிசலைத் தடுக்குமான்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி. பாக்கறது யாரு? புரொபசரா? அவர் மேஜையில உக்காந்து எழுதுவாரு. கொடி கொண்டு வர்றது, செல்லு வளக்கறது, குழியில விடறது, எல்லாம் எங்க அக்கா.

கையகலத் தட்டு ஒண்ணு, அதுல வரிசையா தொண்ணூத்தாறு குழி. குழிக்குக் குழி செல்லை விட்டு, சிலதுல ஊதாச் சாயத்தைக் கலந்து, அப்புறம் எல்லாத்துக்கும் விஷம் மாதிரி ஒண்ணை ஊத்துவா. மறுநாள் அதையெல்லாம் கவுத்துக் கொட்டிட்டு ஒரு மஞ்சள் திரவம் விடுவா. உயிரோட இருக்கற செல்லு அந்த மஞ்சளைத் தின்னு ஊதாவா மாத்தும். செத்தது மாத்தாது. எந்தக் குழி ஊதாவாகுதோ அது பொழைச்ச குழி, மஞ்சளாவே நின்னா செத்த குழி. அவ்வளவுதான் சங்கதி.

முதல் தட்டைப் பாத்துட்டு வந்த அன்னைக்கு அக்கா மாடிக்குக் கூடப் போகல. செருப்போட அடுப்படிக்கே வந்துட்டா. "சாயம் போடாத குழியெல்லாம் மஞ்சள்டி, அத்தனையும் செத்துப் போச்சு. சாயம் போட்ட குழி ஒண்ணு விடாம ஊதா! பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல"ன்னு மூச்சு விடாம சொன்னா. அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. கையைத் தட்டுலயே வெச்சுக்கிட்டு, "அப்போ ரத்தக்குழாய்க்கு நல்லதா அண்ணி?"ன்னாரு. "என் கண்ணால பாத்தேன் தம்பி"ன்னா.

என் கண்ணால பாத்தேன். அந்த ஒரு வார்த்தை எங்க குடியைக் கெடுத்துச்சு.

அடுத்த வாரமே ஜூஸ் ஃபேக்டரியில கழிச்ச திராட்சைத் தோலைக் காயவெச்சுப் பொடிச்ச தூள் ஒரு டப்பா கொண்டு வந்து கொடுத்தா. யாரும் கேக்கல, அவளாத்தான் கொடுத்தா. அவர் தினம் காலையில ஒரு கப் வெந்நீர்ல கலக்கிக் குடிப்பாரு. நாக்கு ஊதாவாயிடும். அதோட டிப்போவுக்குப் போய் எல்லார்கிட்டயும் நாக்கை நீட்டிக் காட்டுவாரு. "எங்க அண்ணி கண்டுபிடிச்சது"ன்னு சொல்லுவாரு. கண்டுபிடிச்சாளாம்! ஆனா அப்போ மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அதனால நானும் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

நாலு மாசம் கழிச்சு அந்த ஆராய்ச்சி ஒரு அறிவியல் பத்திரிகையில வந்துச்சு. ஆறு பேர் எழுதினதா போட்டிருந்தாங்க, அதுல அஞ்சாவது எங்க அக்கா. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா அவ பேரு அச்சுல. முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாடியில மாட்டினா. எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து பாப்பா. நான்தான் கிண்டல் பண்ணுவேன், "என்ன, உன் பேரு ஓடிடுமா?"ன்னு. அப்புறம் செய்தித்தாள்லயும் வந்துச்சு. புரொபசர் கையில திராட்சைக் கொத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற போட்டோ. ரத்தக்குழாயைக் காக்கும் ஊதான்னு கொட்டை எழுத்துல தலைப்பு. 'காக்கக்கூடும்'னு உள்ள பொடி எழுத்துல இருந்துச்சாம். பொடி எழுத்தை யாரு படிக்கிறா?

எங்க வீட்டுக்காரர் தலைப்பைப் படிச்சாரு. மாத்திரையை நிறுத்திட்டாரு. எங்கிட்ட மூச்சு விடல.

இனிமே நான் சொல்றது எனக்கு அப்போ தெரியாது, பின்னாடி அவளே சொன்னது. பேப்பர்ல வந்த அதே வாரம், அக்காவுக்கு ஒரு கொடி சரியா அமையல. செல்லு பாதித் தட்டுக்குத்தான் தேறிச்சு. மீதிக் குழியெல்லாம் காலி. ஆனா பத்தொன்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? வரிசையா எல்லாக் குழிக்கும் ஊதாச் சாயம் விட்டுட்டா, விஷம் விட்டுட்டா, மறுநாள் மஞ்சளும் விட்டுட்டா. வீணாப் போச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டுத் தட்டை வெளியே எடுத்தாளாம். எடுத்தா, காலிக் குழியும் ஊதா. செல்லே இல்லாத குழி! உயிர் இருந்தாத்தானே மஞ்சளைத் தின்னும்? அங்க தின்ன யாரு இருக்கா?

திரும்ப ஒரு தட்டு வெச்சுப் பாத்திருக்கா. வேணும்னே ஒரு செல்லும் போடாம. அதுவும் ஊதா. திராட்சைச் சாயமே அந்த மஞ்சளை மாத்திடுது, அதுக்குச் செல்லும் வேணாம் ஒண்ணும் வேணாம். அப்போ அன்னைக்குப் பொழைச்சதுன்னு இவ துள்ளின குழியில பாதி செத்த குழி.

தட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் புரொபசர் ரூமுக்குப் போயிருக்கா. அவர் பாத்தாராம், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாராம், திரும்பப் பாத்தாராம். அப்புறம், "எந்த ஆராய்ச்சியிலதாம்மா ஓட்டை இல்ல? நாம சாவகாசமா பாத்துக்கலாம். நீ இதுக்குப் போய் ஊரைக் கூட்டாதே. உன் பேரும் அதுல இருக்கு, ஞாபகம் வெச்சுக்க"ன்னாராம். கெட்டிக்காரன். எந்த இடத்துல கை வெச்சா இவ அடங்குவான்னு தெரிஞ்சு வெச்சிருக்கான். இவ தட்டைக் குப்பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா.

அதுக்கப்புறம் ஒன்பதாம் நாள். நான் டிப்போ மூட்டையைப் பிரிச்சு மெஷின்ல போடறேன். போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் தடவிப் பாக்கறது வழக்கம், பேனா கீனா இருந்தா அத்தனை சட்டையும் நாசமாயிடும். அவர் சட்டை ஒண்ணுல கையை விட்டேன், மாத்திரை. நாலு. நான் காலையில தண்ணியோட கையில கொடுத்த அதே மாத்திரை. சாயங்காலம் வந்ததும் வாசல்லயே பிடிச்சுக்கிட்டேன்.

"என்னங்க இது?"

"அதான் அண்ணியோட தூளைக் குடிக்கிறேனே."

"தூளும் மாத்திரையும் ஒண்ணா?"

"பேப்பர்லயே போட்டாச்சு. நீ லாண்டரிக்காரி, உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! மாடிக்கு ஓடினேன். அக்கா அந்தச் சட்டத்துக்கு எதிர்ல உக்காந்திருந்தா. "அக்கா, மனுஷன் மாத்திரையை நிறுத்திட்டாரு. நான் சொன்னா ஏறாது, நீ வந்து சொல்லு"ன்னேன். அவ முகம் வெளுத்துப் போச்சு. பதறிட்டான்னு நினைச்சேன். பதறினதுதான், ஆனா வேற எதுக்கோ. கீழே வந்தா. நின்னா. "தம்பி, மாத்திரையை நிறுத்தாதீங்க. ரெண்டையும் சேத்துச் சாப்பிடுங்க"ன்னா.

"ரெண்டும் ஒரே வேலையைத்தானே அண்ணி செய்யுது? அப்புறம் எதுக்கு ரெண்டு?"

"இல்ல தம்பி... டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"டாக்டர் புத்தகத்துல படிச்சவரு. நீங்க கண்ணால பாத்தவங்க."

அந்த இடத்துல, 'நான் பாத்தது தப்பு'ன்னு மூணே மூணு வார்த்தை. அவளுக்கு வாய் வரல. "பாத்துக்கங்க தம்பி"ன்னு சொல்லிட்டு மேல போயிட்டா. அவர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு, 'பாத்தியா, அண்ணியே விட்டுட்டாங்க'ங்கற மாதிரி.

பதினேழாம் நாள் காலையில, ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டோரமா பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தியிருக்காரு. ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்காரு. இஞ்சினை அணைச்சிருக்காரு. அப்புறம்தான் ஸ்டீரிங் மேல சாஞ்சிருக்காரு. ஸ்டாப்பு இல்லாத இடத்துல எதுக்கு நிறுத்தினேன்னு பின்னாடியிருந்து திட்டியிருக்காங்க. ஒருத்தன், "திரும்ப ஒண்ணுக்குப் போகப் போறாரு போல"ன்னு சொல்ல, பஸ்ஸே சிரிச்சிருக்கு. கண்டக்டர் முன்னாடி வந்து தோளைத் தொட்டதும்தான் தெரிஞ்சிருக்கு. நாப்பது பேரைப் பத்திரமா நிறுத்தின மனுஷனுக்குக் கிடைச்சது அந்தச் சிரிப்பு.

மூளையில ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சுன்னாங்க. பிரஷர் இருநூத்தி இருபது. வலது கை, வலது கால், வாய்ல பாதி போச்சு. ஆஸ்பத்திரி வராந்தா பிளாஸ்டிக் நாற்காலியில அக்கா என் பக்கத்துல உக்காந்து, தரையைப் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. காலிக் குழி, புரொபசர், பதினேழு நாள், எல்லாம். நான் அழல. கோவத்துல அழுகை கூட வராது.

"அந்த ஊதாத் தண்ணியைக் கொட்டிட்டு, மஞ்சளை விடறதுக்கு முன்னாடி அலசினீங்களா?"ன்னு கேட்டேன்.

"அலசினா செல்லு பேந்துடும்னு... கவுத்துக் கொட்டறதோட விட்டுட்டோம்."

"ஒரு அலசு! ஒரே ஒரு அலசு அலசலையா? சாயம் போற துணியை நனைச்ச பக்கெட்டுல வெள்ளையைப் போட்டா என்ன ஆகும்னு என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே! அத்தனை பேர் படிச்சுக் கிழிச்சு என்ன புண்ணியம்?"

"தப்புதான்டி."

"அந்தத் தப்பு புரொபசரோடது. அதை நான் கேக்கல. எங்கிட்ட பதினேழு நாள் சொல்லல பாரு, அது யாரோட தப்பு? அவர் 'கண்ணால பாத்தீங்களே'ன்னு உன் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாரே, அப்போ உன் நாக்கை என்ன பண்ணி வெச்சிருந்தே?"

சுவத்துல மாட்டின காகிதத்துக்காக எங்க வீட்டுக்காரரைக் கொடுத்துட்டா. இதை அப்படியே அந்த வராந்தாவுல, நர்சுங்க திரும்பிப் பாக்கற மாதிரி சத்தமா சொன்னேன். சொன்னதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வருத்தமில்ல.

அதுக்கப்புறம் அவ செஞ்சதையும் சொல்லிடணும், இல்லன்னா நான் மனுஷியில்ல. புதுசாக் கொடி கொண்டு வந்து, இந்தத் தடவை நல்லா அலசி, அலசினதுல பேந்து போன செல்லுக்கும் கணக்கு வெச்சு, மூணு தடவை செஞ்சு பாத்திருக்கா. ஊதா கொஞ்சம் காப்பாத்தத்தான் செஞ்சுது, அதுவும் பொய்யில்ல. நூத்துக்குப் பத்துப் பன்னண்டு செல்லு கூடுதலாப் பொழைச்சுது. ஆனா அது தட்டுல. நாம குடிக்கிறது வயித்துல சிதைஞ்சு குடல்ல மாறி, ரத்தத்துல சேர்றது துளியூண்டு. அந்தத் துளி உள்ளே போய் என்ன செய்யும்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. இதையெல்லாம் எழுதி, புரொபசர்கிட்ட கூடச் சொல்லாம, அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினா.

ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. ஒரு திருத்தம் போட்டிருக்காங்கன்னு. என்ன திருத்தம் தெரியுமா? இவ பேரு தவறுதலாச் சேந்துடுச்சுன்னு புரொபசர் சொல்லி, அதை எடுத்துட்டாங்க. ஆறு பேர் அஞ்சு பேர் ஆயிட்டாங்க. மத்தது ஒரு எழுத்து மாறல. அந்த வருஷம் ஒப்பந்தமும் புதுப்பிக்கல. பெட்டியில இருந்த பாட்டிலுக்கு யாரு தண்ணி மாத்தினாங்களோ தெரியாது. யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க.

இப்போ அவளுக்கு எங்க வீட்டுக்காரர்தான் வேலை. காலையில கை கால் மடக்கி நீட்டறது, உடம்பைத் துடைச்சு விடறது, மாத்திரை கொடுத்து முழுங்கற வரைக்கும் நிக்கறது. எட்டு மாசம் நான் அவகிட்ட நேராப் பேசல. "அவங்களைக் கேளுங்க"ன்னு அவர் மூலமாத்தான். அவருக்கு இப்பவும் அதே தண்ணி இறக்கற மாத்திரைதான். இப்போ பஸ் கிடையாது, பாசஞ்சர் கிடையாது, அரை மணிக்கு ஒருதரம் தாராளமாப் போகலாம். எழுந்து போகத்தான் முடியல.

இவ்வளவுக்கும் அப்புறம், அவர் அந்தத் தூளை விடல. இடது கையால டப்பாவைக் காட்டிக் காட்டி வாங்கிக் குடிப்பாரு. பாக்க வர்றவங்ககிட்ட குழறிக் குழறிச் சொல்லுவாரு, "நாலு மாசம்... இதைக் குடிச்சேன்... அதான் உசுரு நின்னுச்சு. இல்லன்னா... போயே போயிருப்பேன்." வந்தவங்களும் தலையை ஆட்டுவாங்க. அக்கா பக்கத்துல உக்காந்து பத்து தடவையாவது சொல்லியிருப்பா. "தம்பி, நான் பாத்தது தப்பு. அந்தக் குழியில உயிரே இல்ல. அது காப்பாத்தல"ன்னு. இப்போ வாய் வருது! அவர் பாதி வாயால சிரிப்பாரு. "அண்ணிக்குத் தன்னடக்கம்"பாரு.

போன மாசம் டிப்போவுலேருந்து 'ஹாரன்' வந்தான். பேரு அதில்ல, காரணமில்லாம ஹாரன் அடிச்சுக்கிட்டே ஓட்டறவன், அதனால அப்படி. நாப்பத்தி ரெண்டு வயசு. அவனுக்கும் பிரஷர், அவனுக்கும் அதே மாத்திரை, அவனுக்கும் அதே அவஸ்தை. எங்க வீட்டுக்காரர் கண்ணு மின்னிடுச்சு. "அண்ணி... தம்பிக்கு அந்த டப்பா..."

அக்கா எழுந்து ஹாரன் முன்னாடி போய் நின்னா. ஒண்ணு விடாமச் சொன்னா. காலிக் குழி, அலசாத தட்டு, தான் பதினேழு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தது. "இவரு இப்படிக் கிடக்கறதுக்கு நான் காரணம்பா. நீயும் இப்படி ஆயிடாதே"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. ஹாரன் அவளைப் பாத்தான், கட்டில்ல சிரிச்சுக்கிட்டிருந்த இவரைப் பாத்தான். "நீங்க சொல்றதெல்லாம் எனக்குப் புரியலக்கா. அண்ணன் உசுரோட இருக்காரே"ன்னான். போகும்போது டப்பாவுல இருந்து பாதித் தூளைக் காகிதத்துல மடிச்சு எடுத்துக்கிட்டான். இவர்தான் கொடுக்கச் சொன்னாரு. நான்தான் கொட்டிக் கொடுத்தேன். அதையும் சொல்லிடறேன்.

மறுநாளே அக்கா டிப்போவுக்குப் போனா. அதுக்கு மறுநாளும் போனா. மூணாம் நாள் அவன் பொண்டாட்டியையே போய்ப் பாத்து, தினம் காலையில மாத்திரையைக் கையில கொடுங்க, கண் முன்னாடியே முழுங்கச் சொல்லுங்கன்னு கெஞ்சிட்டு வந்தா. ஹாரனும், "சரிக்கா, சாப்பிடறேன்க்கா, விடுங்கக்கா"ன்னுட்டான். அன்னைக்கு வந்ததும் என்னைக் கேட்டா, எட்டு மாசத்துல முதல் தடவையா நேரா. "கொஞ்சம் சோறு இருக்காடி?"

அடுத்த வாரம் சனிக்கிழமை டிப்போ மூட்டை வந்துச்சு. காலர்ல நம்பர் பாத்து ஹாரன் சட்டையை மட்டும் தனியா எடுத்து வெச்சேன். மூணு சட்டை. பாக்கெட்ல கையை விட்டேன். ரெண்டு சட்டையில ரெண்டு ரெண்டு, ஒண்ணுல மூணு. வாரத்துக்கு ஏழு நாள், ஏழும் இருந்துச்சு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா எனக்கும் தனக்கும் தட்டு வெச்சு, பரிமாறி உக்காந்திருந்தா. "மூட்டை வந்துச்சா? அவன் பாக்கெட்ல ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லக்கா"ன்னேன்.

அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. எத்தனையோ நாளுக்கப்புறம் ரசிச்சுச் சாப்பிட ஆரம்பிச்சா. நான் அவ சாப்பிடறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு பொய் இவ்வளவு லேசா வருமான்னு இருந்துச்சு. நான் யோசிக்கக் கூட இல்ல, தானா வந்துச்சு. அந்த வராந்தாவுல 'உன் நாக்கை என்ன பண்ணி வெச்சிருந்தே'ன்னு அவளைக் கேட்டேனே, அவளுக்கும் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

"அக்கா."

"என்னடி?"

"ஏழு இருந்துச்சு. ஏழு மாத்திரையும்."

அவ என்னைத் திட்டல. ஏன் முதல்ல இல்லன்னு சொன்னேன்னு கேக்கக் கூட இல்ல. சோத்துக் கையைக் கழுவாம, முந்தானையில துடைச்சுக்கிட்டு எழுந்தா. மணி ஒண்ணரை, ஹாரன் ரெண்டு மணிக்கு வண்டி எடுப்பான். வாசல்ல செருப்பைத் தேடிக்கிட்டிருந்தா.

கட்டில்லேருந்து இவர் கூப்பிட்டாரு. கஷ்டப்பட்டு, ஒவ்வொரு வார்த்தையா.

"அண்ணி... வரும்போது... தூள் வாங்கிட்டு வாங்க. டப்பா காலி."